ஒரே மாதத்தில் இரண்டு நகரங்கள்

அவரை நான் சந்தேகிக்கத் தொடங்கிய நாள் என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது: ஜனவரி மாதத்து இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்றரை மணி. அன்று எங்கள் நாடக வட்டத்தின் செயலாளர் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து தந்தார். ஏப்ரலில் மேடையேற இருந்த நாடகத்துக்கான தாள். அதில் வட்டத்தின் தலைவருடைய பெயருக்கும் மேலே, அதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், 'உலகப் புகழ்பெற்ற பிரித்தானிய நாடக, ஒபேரா நெறியாளர்' என்று அச்சிட்டு அவருடைய பெயரைப் போட்டிருந்தார்கள். அவரைப் பற்றி விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார்.

உலகப் புகழ் என்ற சொல் எனக்கு ஒத்துவருவதில்லை. மொன்றியலில் நடந்த தமிழ் மேடையேற்றங்களை நான் இங்கே வந்து சேர்ந்த ஆண்டிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன்: நாள், மண்டபம், நடித்தவர்கள், தொடங்கும் என்று அறிவித்த நேரம், உண்மையில் தொடங்கிய நேரம். ஒன்பது கொப்பிகள் ஆகிவிட்டன. அவற்றில் உலகப் புகழ்பெற்றவர்கள் குறைந்தது பத்துப் பேராவது வருகிறார்கள். அவர்களில் ஒருவர் லவாலில் வயலின் சொல்லிக்கொடுப்பவர். இன்னொருவர் எங்கள் விழாக்களுக்குச் சமைப்பவர். டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் பிரிக்கும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன் நான். பொதியில் கட்டிய துண்டில் எழுதியிருக்கிற ஊரும் பொதி போகிற ஊரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கண் அப்படித்தான் பார்க்கிறது.

அந்த ஆங்கிலேயர் நவம்பர் முதல் வாரத்தில் லாசாலிலுள்ள எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். நாலாம் மாடி, எங்கள் கதவிலிருந்து மூன்றாவது கதவு. அந்த வாரம் லிப்ட் வேலை செய்யவில்லை. பெட்டிகளைத் தூக்கிவந்த ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பிரெஞ்சில் திட்டியது எனக்கு நன்றாக ஞாபகம். வயது எண்பதுக்குக் கிட்ட இருக்கும். மனைவி இறந்துவிட்டார். மகள் லவாலில் இருக்கிறாள், கியூபெக்காரர் ஒருவரை மணம் செய்தவள். அவளுக்குக் கிட்ட இருக்க வந்ததாகச் சொன்னார். அப்படியென்றால் ஏன் லவாலில் குடியேறாமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தீவின் மறு கோடியில், சனிக்கிழமைகளில் சுடுதண்ணீர் வராத எங்கள் கட்டடத்துக்கு வந்தார்? பெரிய பெரிய ஒபேரா மன்றங்களில் வேலை செய்தவர் என்றால் சுவரில் ஒரு படமாவது இருக்கவேண்டாமா? மாறி வந்த கடிதம் ஒன்றைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். சுவர்கள் வெறுமையாக இருந்தன. பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தன.

அவரைக் கண்டுபிடித்து எங்களிடம் கொண்டுவந்தவள் என் மச்சாள், மனைவியின் தங்கை. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் காலை நாலு மணி வேலை. நாடக வட்டத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். பதினாலு நாடகங்கள். என் கொப்பிகளின்படி அவற்றில் பதினொன்றில் அவள் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டில் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். ஒன்றில் தொலைபேசியில் கேட்கும் குரல். தலைவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவவுக்கு அம்மா முகம், அதுக்கு நான் என்ன செய்யிற என்பார்.

இந்த முறையும் தட்டம்தான். கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள சலவை அறையில் உடுப்பு மடித்துக்கொண்டே அவள் நாடகத்தின் வசனங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவளுடைய நாலு வரியை அல்ல, நடுப் பாத்திரத்தின் வசனங்களை. அவளுக்கு எல்லாருடைய வசனமும் பாடம். உலர்த்தி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தாராம். நித்திரை என்று நினைத்தாளாம். அவர் கண்ணைத் திறக்காமலே, அதைத் திரும்பச் சொல், ஆனால் இந்த முறை விரிப்பை மடிப்பதை நிறுத்தாதே என்றாராம். சொன்னாள். பிறகுதான் அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அவரை ஒத்திகைக்குக் கூட்டிவந்தாள். ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில்தான் எங்கள் ஒத்திகை. மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, போகும்போது தலைவரிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: தட்டத்தோடு வருகிற பெண்ணைத்தான் சனம் பார்க்கும், ஆகவே கதையை அவளிடம் கொடுத்துவிடுவது நல்லது. செயலாளர் அதற்குள் தன் தொலைபேசியில் அவருடைய பெயரைத் தேடிப் பார்த்துவிட்டார். பெயர் இருந்தது. லண்டன், கார்டிவ், பிரஸ்ஸல்ஸ் என்று ஊர்களும் இருந்தன. மறுவாரம் தலைவர் நெறியாள்கையை அவரிடம் கொடுத்தார். நடுப் பாத்திரம் மச்சாளுக்கு வந்தது.

தன் அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று பத்திரத்தில் பதிந்து கனடாவுக்குக் கூட்டிவந்த ஒரு பெண்ணின் கதை அது. அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு முதல்நாள் உண்மையைச் சொல்வதா விடுவதா என்று தவிக்கிறாள். தலைவர் கணவனாக நடித்தார். எல்லாருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: ஆங்கிலேயர் இருக்கும்வரை அந்தப் பாத்திரம் மச்சாளுக்கு, அவர் போனால் தட்டம்.

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் மலரில் பிழையான தகவல் போக நான் விடமாட்டேன்.

இரண்டு பிற்பகல்கள் அவருடைய குசினி மேசையில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். வட இங்கிலாந்தில் ஒரு ஆலை நகரம். பதினேழு வயதில் அங்கிருந்த சிறிய நாடக அரங்கில் மேடை கூட்டவும் வசனம் எடுத்துக்கொடுக்கவும் சேர்ந்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய நாடகம். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டு பகலில் அடுத்ததை ஒத்திகை பார்ப்பார்களாம். ஒரு நெறியாளருக்கு அம்மை போட்டதால் இவருக்கு முதல் நாடகம் கிடைத்தது. பிறகு ஒபேரா மன்றத்தில் உதவியாளர். இசை வாசிக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்து, பேருந்தில் இருந்து படித்திருக்கிறார். பிறகு தன் பெயரில் ஒபேராக்கள், நடுவில் நாடகங்கள், பத்துப் பன்னிரண்டு நல்ல வருடங்கள். பிறகு ஒரு பெரிய தோல்வி. முதல் இரவிலேயே சனம் கூச்சல் போட்டதாம். அதன் பிறகு அழைப்புக் குறைந்து, பள்ளிகளில் படிப்பித்து, மனைவியின் நோயோடு முடிந்திருக்கிறது.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஒரு திகதிகூட இல்லை. எப்போது என்று கேட்டால், அது மகள் பிறக்க முன்னம் என்பார், அந்த வருடம் நல்ல மழை என்பார். திகதி சொல்லாத மனிதரை நான் நம்புவதில்லை.

ஆகவே நானே தேடினேன். நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைக் கணினியில் பார்த்தேன். இங்கிலாந்தில் ஆவணக் காப்பகங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் உடனே பதில் போடுகிறவர்கள், அதைச் சொல்லவேண்டும். கிடைத்த எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் அட்டவணையாகப் போட்டேன்: இடதுபக்கம் மாதம், மேலே நகரங்கள். பெப்ரவரி முடிவதற்குள் அட்டவணை நிரம்பிவிட்டது. நிரம்பியபோது என் சந்தேகத்துக்கு உருவம் வந்தது. ஒரு ஒக்டோபரில் அவர் லீட்ஸில் ஒபேராவும் லண்டனில் நாடகமும் செய்திருக்கிறார். ஒரு மார்ச்சில் கார்டிவிலும் பிரஸ்ஸல்ஸிலும். ஒரு இலையுதிர் காலம் முழுவதும் மூன்று நகரங்கள், அவற்றில் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம். ஒரே மாதத்தில் இரண்டு நகரங்கள் வந்த இடங்களுக்குச் சிவப்பால் வட்டம் போட்டேன். ஏழு வட்டங்கள்.

ஒத்திகையிலும் கவனித்தேன். தமிழ் ஒரு சொல் தெரியாத மனிதர், நடிகர்கள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் நேரம் பார்த்து எழுதினேன்: ஒரு ஞாயிறு ஏழு நிமிடம், அடுத்த ஞாயிறு பதினொரு நிமிடம். நாடகத்தின் உச்சத்தில் இருந்த ஒப்பாரியை வெட்டிவிட்டார். மச்சாள் அந்த இடத்தில் வெற்றிலைத் தட்டங்களை நிரப்பிக்கொண்டே பேசவேண்டுமாம். தலைவரைச் சனத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார். வேலை தெரிந்தவர் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை.

மனைவியிடம் அட்டவணையைக் காட்டினேன். அவள் அதை மேலோட்டமாகப் பார்த்தாள்.

"அந்தாள் எங்களை ஏமாத்தி என்னத்தைக் கொண்டு போனவர்? ஞாயிற்றுக்கிழமையில ஒரு தேத்தண்ணியும் ரெண்டு வடையும். அதிலயும் ஒண்டை மிச்சம் விடுறவர்."

மிச்சம் விடுவதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மார்ச் மாதத்து முதலாவது புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு அட்டவணையோடு அவருடைய கதவைத் தட்டினேன். தேநீர் ஊற்றினார். நான் தாளை மேசையில் விரித்து முதல் வட்டத்தில் விரலை வைத்தேன். அந்த ஒக்டோபரில் லீட்ஸில் இருந்தீர்களா என்று கேட்டேன். இல்லை, லண்டனில் நாடக ஒத்திகை, அதனால் அங்கே போகவே இல்லை என்றார். அப்படியென்றால் லீட்ஸில் யார் செய்தது? ஓர் இளம்பெண், நல்ல கெட்டிக்காரி என்றார். நிகழ்ச்சித் தாளில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்றேன்.

"என்னுடைய படைப்புத்தானே," என்றார்.

ஏழு வட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலுக்கு, தான் அங்கே இருக்கவில்லை என்றார். இரண்டுக்கு, கடைசி நாள் போய்ப் பார்த்தேன் என்றார். ஒன்றை ஞாபகம் இல்லை என்றார். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் மெல்லியதாகிக்கொண்டு போனது. கடைசியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் என்னைப் பற்றி எழுதுகிறீர்களா, என்னை விசாரிக்கிறீர்களா?"

திகதிகள் சரியாக இருக்கவேண்டும் என்றேன். அவர் தன் கோப்பையில் இருந்த தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு எழுந்து நின்றார். போகச் சொல்கிறார் என்று புரிந்தது. குற்றமுள்ளவர் என்றும் புரிந்துகொண்டேன்.

அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் கண்டு வளர்ந்த கூத்தில், அதைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு ஆடுகிற களரியிலேயே நிற்பார். ஆடுகிறவன் ஒரு வரி பாடினால் பின்னால் நின்று அந்த வரியைத் திருப்பிப் பாடுவார். அவர் இல்லாமல் கூத்து இல்லை. இங்கே வந்து நாங்கள் போட்ட நாடகங்களிலும் நெறியாளர் திரைக்கு அருகில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்து, திரையையும் அவரே இழுப்பார். நெறியாளர் வேறு நாட்டில் இருக்க நாடகம் இங்கே நடக்கும் என்பது எங்கள் யாருடைய அனுபவத்திலும் கிடையாது. ஆகவே 'நான் போகவே இல்லை' என்று அவர் சொன்னதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன். வேறு யாரோ செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர்.

அந்த ஞாயிறு ஒத்திகைக்கு முன் குழுக்கூட்டம். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஏழு வட்டங்களையும் வாசித்து, அவரே ஒப்புக்கொண்டார் என்று முடித்தேன். மட்டக்களப்பைச் சேர்ந்த எங்கள் தலைவரின் மாமா ஒருவர் பெயர்பெற்ற அண்ணாவியார். அந்த மாமா காய்ச்சலோடும் விடியும்வரை களரியை விட்டு இறங்கவில்லை என்று தலைவர் சொன்னார். அவருடைய குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது என்று அன்றே குறித்திருக்கிறேன். ஆங்கிலேயருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புவது என்று தீர்மானம் ஆனது. நெறியாள்கை திரும்பவும் தலைவருக்கு, ஒப்பாரி திரும்பவும் நாடகத்துக்கு. நடுப் பாத்திரம் செயலாளரின் மனைவிக்கு. அவவுக்கு நல்ல குரல். மச்சாளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாத்திரம், இரண்டாம் காட்சியில் தேத்தண்ணி. மச்சாள் குளிர்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையற்கூடத்தில் போடுகிற தொப்பியின் தடம் நெற்றியில் இருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றாள். வழியில் அவரிடம் போய் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"உங்கட கேஸில அந்த மனிசன் உங்களிட்டக் கேட்ட மாதிரியே கேட்டிருக்கிறியள், அத்தான். விரலை வைச்சு வைச்சு."

என் அகதி வழக்கை விசாரித்த அதிகாரியைத்தான் சொன்னாள். நான் செவ்வாய்க்கிழமை என்று சொன்ன ஒரு சம்பவத்தை, வீட்டிலிருந்து வந்த கடிதம் வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தது. அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் போனது. முதல்முறை நிராகரித்தார்கள். கொப்பி எழுதத் தொடங்கியது அந்தக் கிழமைதான்.

"பொய் சொல்லாத ஆளுக்கு என்ன பயம்?" என்றேன்.

"அப்ப நீங்கள் அண்டைக்குப் பயப்படேல்லையோ?"

அவள் படிக்கட்டால் இறங்கிப் போனாள். ஆனால் அவள் சொன்னதால் என் மனம் மாறவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் உண்மை சொல்லியும் நிராகரிக்கப்பட்டேன் என்பதற்காக அவரும் உண்மை சொல்லியிருக்கிறார் என்று ஆகிவிடாது. அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் புதிய தாள் ஒன்றை எடுத்து இன்னும் ஆதாரம் தேடத் தொடங்கினேன்.

அந்தத் தேடலில்தான் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் மெத்ரோ எடுத்து நகர நடுவிலுள்ள பெரிய அரங்குக்கு ஒபேரா பார்க்கப் போனேன். வாழ்க்கையில் முதல் ஒபேரா. உண்மையான நெறியாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நிகழ்ச்சித் தாளிலிருந்து எடுக்கலாம் என்பது என் எண்ணம். விளக்கு அணைவதற்கு முன் தாளைப் பிரித்தேன். நெறியாளரின் பெயர் பெரிதாக இருந்தது. அவரைப் பற்றிய குறிப்பின் கடைசி வரி, அவர் இறந்து ஒன்பது வருடம் என்றது. திரும்ப வாசித்தேன். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு பெயர், இம்முறை மேடையில் அமைத்தவர் என்று.

பக்கத்தில் ஒரு வயதான கியூபெக் பெண்மணி. இறந்தவர் எப்படி நெறியாள்கை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு பொறுமையாகச் சொன்னார். ஒரு நெறியாளர் ஓர் ஒபேராவை ஒரு தடவை படைத்துவிட்டால் அது அப்படியே பாதுகாக்கப்படும். காட்சிப் பொருட்கள் பெட்டிகளில் இருக்கும். யார் எந்த வரியில் எங்கே நடக்கவேண்டும் என்பதெல்லாம் ஒரு புத்தகத்தில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து வேறு நகரம் அதை வாடகைக்கு எடுக்கும். உதவியாளர் ஒருவர் புத்தகத்தோடு போய்ப் புதிய பாடகர்களுக்குப் பழக்குவார். படைத்தவர் வரவேண்டும் என்பதில்லை. உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பெயர் மட்டும் அவருடையது, ஏனென்றால் வேலை அவருடையது. சொல்லிவிட்டு எனக்கு ஒரு புதினா மிட்டாய் தந்தார்.

முதல் பாகத்தில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்து முழங்காலில் விரித்தேன். ஏழு வட்டங்களிலும் ஒரு பக்கம் புதிய படைப்பு. மறுபக்கம், இரண்டோ மூன்றோ வருடத்துக்கு முன் வேறு நகரத்தில் முதலில் மேடையேறிய பழைய படைப்பு. எல்லாம் என் தாளிலேயே இருந்தது, என் கையெழுத்தில். பயணி ஏறாமல் பொதி மட்டும் விமானத்தில் போவதை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் தலைவரை அழைத்துச் சொன்னேன்.

"செத்த மனிசன் நெறியாள்கை செய்யிறாரா? என்ன அண்ணன், இது நாடகமா, பேயாட்டமா?"

மறுபடியும் விளக்கினேன். கடைசியில், அந்த மனிசன் திரும்பி வந்தால் வரட்டும், ஆனால் நான் போய்க் கேட்கமாட்டேன் என்றார். கேட்கவேண்டியது நான்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய் அவருடைய கதவடியில் நின்று வாசித்தேன். அவர் கடைசிவரை கேட்டார். என்னை இதைவிடப் பெரிய இடங்களிலிருந்தெல்லாம் நீக்கியிருக்கிறார்கள், அங்கே யாரும் அட்டவணை போடவில்லை என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றார். தான் உண்மையானவனா என்று ஒருவர் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற அறையில் தன்னால் வேலை செய்ய முடியாது என்றும், அந்த மாதக் கடைசியில் மகள் வீட்டுக்கே போவதாகவும் சொன்னார்.

மச்சாள்தான் கேட்டாள், தன்னுடைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. நீங்கள் போனால் எனக்கு அந்தப் பாத்திரம் இல்லை, உங்களுக்குத் தெரியும்தானே என்றாள்.

அவர் உள்ளே போய் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தார். இடதுபக்கங்களில் எங்கள் நாடகத்தின் பிரதி ஒட்டியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாத தமிழ் வரிகளுக்கு ஒவ்வொன்றாக இலக்கம் போட்டிருந்தார். வலதுபக்கங்களில் மேடையின் படம், ஒவ்வோர் இலக்கத்துக்கும் யார் எங்கே என்று சிறிய குறிகள். கடைசிக் காட்சிவரை முடித்திருந்தார். அதை என்னிடம் தரவில்லை, அவளிடம் கொடுத்தார்.

"நீ செய். பத்தொன்பது வருடம் ஓரத்தில் நின்று எல்லாரையும் பார்த்தவள் நீதான். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, எப்படிப் போவது என்ற வழிதான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் கொப்பியைத் தலைவரின் மேசையில் வைத்தாள். நடுப் பாத்திரத்தைத் தான் செய்வதாகவும், எல்லாருக்கும் உரிய அசைவுகள் இதில் இருப்பதாகவும், வேண்டாம் என்றால் இன்றோடு வட்டத்தை விட்டுப் போவதாகவும் சொன்னாள். குரல் உயரவில்லை. செயலாளரின் மனைவி முதலில் வாய் திறந்தா. ஒப்பாரி வைத்து வைத்துத் தனக்குத் தொண்டை போய்விட்டது, வேலையிடத்தில் தடிமனோ என்று கேட்கிறார்கள், தட்டத்தைத் தானே தூக்குவதாகச் சொன்னா. ஆனால் முடிவு அவவுடையது அல்ல. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். தன்னுடைய குறி எது என்று கேட்டார். காட்டினாள். தன் குறியையே விரலால் தொடர்ந்துகொண்டு போனார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இதில நான் என்னத்துக்குச் சனத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்கிற?"

"நான் சொல்லப்போறதைக் கேக்க உங்களுக்கு விருப்பமில்லை. முகத்தைக் காட்டினா நீங்கள் நடிச்சுப்போடுவியள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து போய், கொப்பியில் குறி இருந்த இடத்தில் முதுகைக் காட்டி நின்றார். அவள் வெற்றிலைத் தட்டங்களை நிரப்பிக்கொண்டே அந்த வசனத்தைச் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் வயிற்றில் பிறக்கவில்லை என்கிற வரி வந்தபோது தலைவரின் வலது தோள் மெல்ல இறங்கியது. கொப்பியில் அது இல்லை, நான் பிறகு பார்த்தேன். வசனம் முடிந்தும் அவர் திரும்பவில்லை.

"திருப்பி ஒருக்காச் சொல்லு தங்கச்சி," என்றார் சுவரைப் பார்த்தபடி.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, ஐந்தரை மணி என்று அறிவித்து ஆறு பன்னிரண்டுக்குத் தொடங்கினோம். மலரில் என்னுடைய இரண்டு பக்கமும் வந்தது. உலகப் புகழ் என்ற சொல் இல்லை. ஏழு இடங்களிலும் யார் படைத்தது, யார் மீள அமைத்தது என்று தனித்தனியாகப் போட்டேன். அச்சுக்குப் போக முன் மச்சாள் மூலம் லவாலில் மகள் வீட்டில் இருந்த ஆங்கிலேயருக்கு அனுப்பியிருந்தேன். ஒரே ஒரு படைப்பை நீலப் பேனாவால் வெட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். காரணம் எழுதவில்லை. அதை மலரிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் வெட்டினார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். காப்பகத்துக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று.

அன்று அவர் வரவில்லை. இடைவேளையில் மண்டபத்தின் ஒவ்வொரு வரிசையையும் நடந்து பார்த்தேன். கடைசிக் காட்சிக்கு முன் கதவடியிலும் ஒருமுறை பார்த்தேன்.

அந்தக் காட்சியில், கொப்பியின்படி, மச்சாள் கடைசித் தட்டத்தை நிரப்பிவிட்டு மகளின் அறைப் பக்கம் திரும்பி, இடதுபுறமாக வெளியேற வேண்டும். அவள் வெளியேறவில்லை. தட்டத்தை வைத்துவிட்டு, அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, தலைவரின் முதுகைப் பார்த்தபடி மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்தாள். விளக்குக்காரர் அவள் வெளியேறுவதற்காகக் காத்திருந்ததால் ஒளி கனநேரம் அணையாமல் நின்றது. ஒருவரும் இருமக்கூட இல்லை. எங்கள் மண்டபங்களில் அப்படி ஓர் அமைதியை நான் முன்பு குறித்ததில்லை.

முடிந்ததும் பின்னறைக்குப் போனேன். மச்சாள் கண்ணாடிக்கு முன்னால் இருந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவள் லவாலுக்குப் போனது எனக்குத் தெரியும். உட்காரச் சொன்னது அவரா என்று கேட்டேன்.

"காலமை நாலு மணியில இருந்து நிண்டனான், அத்தான். கால் நொந்தது. இருந்தன்."

அவள் என்னைப் பார்க்காமல் பஞ்சால் நெற்றியைத் துடைத்தாள். நான் கொப்பியை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.